கொலம்பைன் இலையில் கோலம்

எனக்கு வயது எழுபத்து நான்கு. வளர்த்தது ஐந்து பேர். என் வயிற்றில் பிறந்தது மூன்று, நாத்தனார் பிள்ளைகள் இரண்டு. ஐந்து பேரும் நன்றாக இருக்கிறார்கள். செடிகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் எண்ணி மாளாது.

படிப்பு மூன்றாம் வகுப்பு வரைதான். பெயர்ப்பலகை வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் எழுத உட்கார்ந்தால் ஒரு வரி முடிவதற்குள் காப்பி ஆறிவிடும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி மித்ரா லேப்டாப்பில் அடித்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகிறவள். "அப்பத்தா, ஸ்பீக்கிங் தமிழா, புக் தமிழா?" என்று ஆரம்பத்திலேயே கேட்டாள். "புக்கு மாதிரியே அடி கண்ணு. ஆளுங்க பேசறத மட்டும் பேசுனபடியே உட்டுரு" என்று சொல்லியிருக்கிறேன்.

இது நான் ஒன்பது வருடம் வேலை பார்த்த நர்சரியில் இந்த வருடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு. நர்சரி என்றால் செடி விற்கும் இடம். இதைச் சொல்லாவிட்டால் தப்பாகிவிடும். ஊரில் என் நாத்தனார், "இந்த வயசுல எத்தனை குழந்தைக்கு மூக்குத் தொடைக்கிறீங்க அண்ணி?" என்று இரண்டு வருடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் விடுவது, தொட்டி மாற்றுவது, உரம் வைப்பது எல்லாம் ஒரு மாதத்தில் கை தானாகக் கற்றுக்கொள்ளும். அதற்கு நான் வேண்டியதில்லை. செடியில் ஏதோ இருக்கிறது, வாங்கினவர் கண்ணில் தண்ணீரோடு எதிரே நிற்கிறார், பக்கத்தில் ஒருவர் மருந்து பாட்டிலைத் திறந்துகொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதைத்தான் சொல்ல வந்தேன். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு செடியும் ஒரு கல்யாண வீடும்.

அது என் முதல் வருடம், மே மாதம். கொலம்பைன் செடிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒல்லித் தண்டு, அதன் நுனியில் தலை கவிழ்ந்து ஜிமிக்கி மாதிரி தொங்கும் பூ, பூவின் பின்னால் ஐந்து கொம்பு. இலை, கொத்தமல்லி இலையைப் பெரிதாக்கி வைத்தது போல இருக்கும். மேனேஜர் ஆறடி உயர மனிதர். அவர் மேலே இருந்து பேசுவது என் காதுக்கு வந்து சேரும்போது பாதி காற்றில் போய்விடும். அவர் அந்த மேசையைக் காட்டி "கொலம்பைன்" என்றார். என் காதில் விழுந்தது "கோலம்பைன்."

குனிந்து பார்த்தேன். இலை முழுக்க வெள்ளை வெள்ளையாக, நெளிந்து வளைந்து, ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு கோடுகள். அசல் சிக்குக் கோலம்! பெயரும் சரியாக இருக்கிறது, இலையும் சரியாக இருக்கிறது. பிறகு யாரிடம் என்ன கேட்பது? மஞ்சள் காட்டில் முப்பது வருடம் களை எடுத்தவள் நான். செடியைப் பற்றி இன்னொருவரிடம் கேட்பது எனக்குக் கொஞ்சம் கௌரவக் குறைச்சலாகவும் இருந்தது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

மேசையை என் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்கினேன். கோலம் நிறைய விழுந்த செடிகள் முன் வரிசை. கோடே இல்லாமல் பச்சையாக இருந்தவற்றை, பாவம், இன்னும் கோலம் விழவில்லை என்று பின்னால் தள்ளிவைத்தேன். சனிக்கிழமைகளில் வரும் நம் ஆட்கள், "ஆன்ட்டி, இது என்ன பிளான்ட்?" என்று கேட்டால், "கோலம் செடிங்க. வாசல்ல வெக்கோணும்" என்பேன். யாரோ வாட்ஸாப்பில் போட்டுவிட்டார்கள். மறு வாரம் கோலம் செடி ஆன்ட்டி எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். மேனேஜர் என் தோளில் தட்டி "குட் ஜாப்" என்றார். இந்த ஒன்பது வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அநேகம் தடவை. முதல் தடவை பாராட்டியது புழுவை முன் வரிசையில் வைத்ததற்கு.

அந்தக் கூட்டத்தில்தான் விஜயா வந்தாள். சென்னைக்காரி, இங்கே பக்கத்து ஊரான ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வீடு, ஐம்பத்தைந்து வயது இருக்கும். பேச்சு ரயில் மாதிரி.

"நீங்கதானேம்மா கோலம் செடி அம்மா? என் பொண்ணுக்குக் கல்யாணம்மா. ரெண்டு வாரத்துல. சனிக்கிழமை காலைல மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் டெக்சஸ்லேர்ந்து நம்ம வீட்டுக்கு வராங்க, நலங்கு வெச்சிருக்கேன். டிரைவ்வேல எறங்கி வாசப்படி வரைக்கும் நடந்து வரணும்ல, அந்த ரெண்டு பக்கமும் பூ வெக்கணும். சம்பந்தியம்மா அங்க டெக்சஸ்ல, பிளானோல நாப்பது ரோஜா வெச்சிருக்காங்களாம். டெய்லி வீடியோ கால்ல ஒவ்வொண்ணா பேர் சொல்லி காட்றாங்க. நான் என்னத்த காட்றது? எங்க வாசல்ல பார்சல் டப்பாதான் இருக்குன்னா?"

"ரோசா எல்லா ஊட்டுலயும் இருக்குமுங்க. கோலத்தோடவே பொறந்த செடி எந்த ஊட்டு வாசல்ல இருக்குது, சொல்லுங்க?" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. முப்பது செடி. ஒவ்வொன்றாக நானே எடுத்துக் கொடுத்தேன், கோலம் அடர்த்தியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து. அங்கே நின்றபடியே பிளானோவுக்கு வீடியோ போட்டாள். "பாருங்க சம்பந்தி, இலையிலேயே கோலம்! கிட்ட காட்றேன் பாருங்க!" என்று ஒரு இலையை போனுக்கு நேராகப் பிடித்தாள். அந்தப் பக்கம் சம்பந்தியம்மா, "அட, இது எங்க டெக்சஸ்ல கெடைக்கலையே" என்றது எனக்கும் கேட்டது. விஜயா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

அவள் வண்டி போன பிறகு, மேசையில் காலியான இடத்தை நிரப்ப இன்னும் சில கோலம் செடிகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அப்போதுதான் என்னோடு வேலை பார்த்த பெண் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

அவளுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. ஸ்பானிஷ் பேசுகிறவள். என்னை "மாமி" என்று கூப்பிடுவாள். அவர்கள் பாஷையில் அது அம்மா மாதிரியாம். நான் மாமியும் இல்லை, அவளுக்கு அம்மாவும் இல்லை, ஆனாலும் கூப்பிட்டால் திரும்புவேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது இருபது இங்கிலீஷ் வார்த்தை. அந்த இருபதில் எனக்கு அவள் கற்றுக்கொடுத்ததை வேறு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

"நோ, மாமி. நோ, நோ." ஒரு இலையைக் கிள்ளி வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். கோடு ஒரு முனையில் நூல் மாதிரி இருந்தது. போகப் போக அகலமாகி, மறு முனையில் ஒரு அரிசி அகலம். அந்த அகலமான முனைக்குள் ஏதோ அசைந்தது.

புழு. இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"ஃப்ளை. பேபி. ஈட், ஈட், ஈட்," என்றாள். சின்ன ஈ ஒன்று முட்டை வைக்கிறது, குஞ்சு இலைக்குள்ளேயே தின்றுகொண்டு போகிறது, தின்னத் தின்னப் பெரிதாகிறது, அது போன பாதைதான் இந்தக் கோடு. நான் கோலம் கோலம் என்று ஊரெல்லாம் சொன்னது ஒரு புழு சாப்பிட்ட தடம்.

அலமாரியில் இருந்த மருந்து பாட்டிலை எடுக்கப் போனேன். அவள் நிறுத்தினாள். தன் இரண்டு உள்ளங்கைகளையும் இறுக்கமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, தண்ணீர் பீய்ச்சும் பாட்டிலைக் கண்ணால் காட்டி, அடி என்றாள். அவள் கைமேல் தண்ணீரை அடித்தேன். புறங்கையெல்லாம் சொட்டியது. பிறகு கைகளைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. புழு இருப்பது அதே மாதிரி உள்ளே.

பிள்ளைகளே, எத்தனையோ பேர் வந்து எங்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறார்கள், பெரிய திரையில் படம் காட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டு உள்ளங்கைக்கு மேல் எனக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை. மேலே அடிக்கிற மருந்து உள்ளே இருப்பதைத் தொடாது. இலையைக் கிள்ளி எடுத்துப் பையில் கட்டிப் போடுவதுதான் வழி.

அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். அந்தச் செடிகள் சாகாது. அந்தப் புழுவால் செடிக்கு அழகுதான் கெடும், உயிர் போகாது. விஜயா சந்தோஷமாக இருக்கிறாள், பிளானோக்காரர்கள் வாயைப் பிளந்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு மணி நேரம் இப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒன்று தோன்றியது. கல்யாணத்துக்கு வருகிற கூட்டத்தில் செடி தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். அவர் எல்லார் முன்னாலும் சொல்லி விஜயா தலைகுனிந்து நிற்பதைவிட, இன்று என்னிடம் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போகட்டும்.

மேனேஜரிடம் போய் "மை மிஸ்டேக்" என்றேன். அவர் கோபிக்கவில்லை. வேரில் போடும் மருந்து டப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்து, கொண்டுபோய்ப் போட்டுவிடு என்றார்.

மறுநாள் ஞாயிறு. என் மருமகள் கவிதா, எங்கள் வீடு இருக்கும் பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து என்னை விஜயா வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். வண்டியை விட்டு இறங்குவதற்கு முன், "இந்த டப்பால என்ன எழுதியிருக்குதுன்னு படி கண்ணு, ஒரு எழுத்து உடாம" என்றேன். படித்தாள். வேர் வழியாகச் செடி முழுக்க ஏறும், தேனீ வந்து உட்காரும் பூக்களுக்குப் போடக் கூடாது என்று இருந்தது.

"பூவுலயும் ஏறுமா?"

"ஆமாங்கத்தை. ஹம்மிங்பேர்டு குருவி வந்து தேன் குடிக்கும்ல, அதுக்கும் ஆகாதுன்னு நெனைக்கறேன்."

டப்பாவை வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். மேனேஜர் கொடுத்தார் என்பது ஒரு காரணம் இல்லை. இங்கிலீஷ் படிக்கத் தெரியாத நானே படிக்கவைத்துக் கேட்டேன். உங்களுக்கெல்லாம் படிக்கத் தெரியும்.

விஜயாவின் வீட்டுக்காரர் சுந்தரம், மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டேப் வைத்து அளந்து, அடிக்கு ஒன்றாக முப்பதையும் நட்டுவிட்டிருந்தார். அவ்வளவு நேர் வரிசையை நான் ரயில் தண்டவாளத்தில்தான் பார்த்திருக்கிறேன். இருவரையும் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். இலையை வெயிலில் பிடித்தும் காட்டினேன்.

விஜயா அந்த இலையை வாங்கித் தானும் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அந்த ரயில் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

"அம்மா," என்றாள் மெதுவாக, "நான் பிளானோவுக்கு எல்லா செடியையும் வீடியோ எடுத்து அனுப்பிட்டேனே. அவங்க லேடீஸ் க்ளப் முழுக்க ஃபார்வர்ட் பண்ணிட்டாங்களே."

சுந்தரம் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "விஜி, நீ கோலம் போட மாட்டேன்னு புழுவே போட்டுருச்சுடி!"

"நீங்க வாய மூடுங்க!"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "இந்தச் செடிக்கு நான் பொறுப்புங்கம்மிணி. சனிக்கிழமை உங்க வாசல் பார்க்க நல்லா இருக்கோணும். இல்லீன்னா இந்த வேலைக்கே நான் இனிப் போகமாட்டேன்."

கவிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வேலை எனக்கு என்ன என்று அவளுக்குத் தெரியும். அறுபத்து நாலு வயதுக்கு மேல், இந்த ஊரில், என் பெயரைச் சொல்லி என்னைத் தேடி ஆட்கள் வந்த ஒரே இடம் அது. வாய் தவறிச் சொல்லவில்லை. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிற வழக்கம் எனக்கு உண்டு.

அன்று கோடு விழுந்த இலைகளைக் கிள்ளினோம். எல்லாவற்றையும் பறித்துவிட்டால் செடி எதை வைத்துப் பிழைக்கும்? அதனால் நிறைய தின்றதை எடுத்தோம். ஒரு கோடு, இரண்டு கோடு இருந்தால் அகலமான முனையை நகத்தால் அழுத்தி உள்ளேயே நசுக்கிவிட்டு இலையை விட்டோம். விஜயாவுக்கு ஒவ்வொரு இலைக்கும் மனசு வரவில்லை. "இது நல்ல டிசைன்மா, இத விட்டுடலாமே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மொட்டுகளில் பச்சை அசுவினிப் பூச்சி அப்பியிருந்தது. அதற்கு மருந்தே வேண்டியதில்லை. குழாய் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்துத் தண்ணீரைப் பீய்ச்சினால் விழுந்துவிடும். விழுந்ததில் முக்கால்வாசி திரும்பி ஏறாது.

அந்த வாரமே நர்சரியில் வேறொரு புழுவும் வந்தது. இலை நிறத்திலேயே இருக்கும், ஓரத்திலிருந்து தின்னும், நரம்பை மட்டும் விட்டுவைக்கும். அந்தப் பெண் ஒன்றைப் பிடித்து என் கையில் விட்டு, அதன் வயிற்றைக் காட்டினாள். முன்னால் மூன்று ஜோடிக் கால். அதை விட்டுவிடு என்றாள். வயிற்றுக்குக் கீழே கொழுகொழு என்று இருக்கும் கால்களை மட்டும் எண்ணச் சொன்னாள். ஐந்து விரலை விரித்துக் காட்டி, "பட்டர்ஃப்ளை" என்றாள். அதற்கு மேல் ஒரு விரலைச் சேர்த்து, உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினாள். ஐந்து ஜோடிக்கு மேல் இருந்தால் அது வண்ணத்துப்பூச்சி வகை இல்லை, குளவிக்குச் சொந்தக்காரன். பட்டர்ஃப்ளை புழுவுக்கு என்று விற்கிற மருந்து இதற்கு ஒன்றும் செய்யாது. இதை நான் கேட்டு மனதில் போட்டுக்கொண்டேன். அடுத்த வாரமே எடுக்கவேண்டி வரும் என்று தெரியாது.

கல்யாண வாரம் வியாழக்கிழமை காலை, ஏழு மணிக்கு போன்.

"அம்மா, இலையே இல்லம்மா!" விஜயா அழுதுகொண்டிருந்தாள். "நேத்துகூட நல்லாத்தானேம்மா இருந்துது!"

கவிதா ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு என்னைக் கொண்டுபோய் இறக்கினாள். வாசலில் ஒரு திருவிழாக் கூட்டம். சென்னையிலிருந்து வந்திருந்த விஜயாவின் சொந்தக்காரர்கள், தூக்கம் மாறிப்போனதால் விடிவதற்கு முன்பே எழுந்து, ஆளுக்கொரு காப்பி டம்ளரோடு செடிகளைச் சுற்றி நின்றார்கள். ஏழெட்டுச் செடிகளில் இலை போய், நரம்பு மட்டும் ஈர்க்குச்சி மாதிரி நின்றது. பூக்கள் மட்டும் மேலே ஒன்றும் நடக்காதது போல ஆடிக்கொண்டிருந்தன.

"திருஷ்டிதான்," என்றாள் விஜயாவின் அக்கா. "வேற என்ன? பிளானோல உக்காந்துக்கிட்டு அந்தம்மா எத்தன வாட்டி பாத்துருக்கும்! கண்ணு பட்ருச்சு."

"அதான், அன்னிக்கே 'எங்க டெக்சஸ்ல கெடைக்கலையே'ன்னு பெருமூச்சு விட்டாங்களாமே," என்றாள் இன்னொருத்தி.

விஜயாவின் முகம் மாறியது. இலை போனால் திரும்பி வரும். பெண் போய் வாழப் போகிற வீட்டு அம்மாவைப் பற்றி இப்படி ஒரு பேச்சு இந்த வாசலில் கிளம்பினால் அது போகாது. நித்யா, கல்யாணப் பெண், படியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டருக்குப் படிக்கிறவள். கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டாள்.

"கண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க," என்றேன் சத்தமாக. "கண்ணு பட்டா பல்லுத் தடம் விழுமா? இதைத் தின்னவன் இங்கதான் இருக்கறான். ஒரு வெள்ளைத் தட்டுக் கொண்டாங்க."

ஒரு தண்டைத் தட்டின் மேல் தட்டினேன். நாலு பச்சைப் புழு விழுந்தது. அக்காக்காரி இரண்டடி பின்னால் போனாள்.

அதற்குள் சுந்தரம் உள்ளேயிருந்து ஒரு பாட்டிலோடு வந்தார். "நான் எல்லாம் ரிசர்ச் பண்ணிட்டேன்மா. இது ஆர்கானிக். புழுவ மட்டும்தான் அட்டாக் பண்ணும், தேனீ, பறவை எதுக்கும் ஒண்ணும் ஆகாது. லேபிள் முழுக்க படிச்சுட்டேன். இப்பவே ஸ்ப்ரே பண்ணிடலாம்."

அவர் சொன்னதில் ஒரு பொய் இல்லை. நல்ல மருந்துதான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சரி என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடம் எல்லாருக்கும் நிம்மதி. இரண்டு நாள் காத்திருந்து, சனிக்கிழமை காலை வெறும் குச்சியைப் பார்த்திருப்போம்.

"இருங்க. காலு எண்ணோணும்."

"காலா?"

என் கண்ணுக்குத் தெரியவில்லை. "அம்மிணி, இங்க வா" என்று நித்யாவைக் கூப்பிட்டேன். அவள் போனைத் தட்டுக்கு மேலே பிடித்துப் பெரிதாக்கினாள். முன் கால்களை விட்டுவிட்டு வயிற்றுக் கால்களை மட்டும் எண்ணச் சொன்னேன்.

"ஒன், டூ, த்ரீ, ஃபோர், ஃபைவ்..." நிறுத்தினாள். போனை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். "சிக்ஸ். செவன். செவன் பேர்ஸ், ஏழு ஜோடி, ஆன்ட்டி."

"அப்ப இது அந்தப் புழு இல்லீங்க," என்று சுந்தரத்திடம் சொன்னேன். "பட்டர்ஃப்ளைக்கு அஞ்சுக்கு மேல இருக்காது. இது குளவி வகை. உங்க மருந்த இது சும்மா குடிச்சுட்டுப் போயிரும்."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. முப்பது வருடம் மருந்துக் கம்பெனியில் இருந்தவரிடம் மூன்றாம் வகுப்புக்காரி சொல்கிறாள். உள்ளே போனார். ஐந்து நிமிடம் கழித்து போனும் கையுமாக வந்து, "விஜி, அம்மா சொல்றது கரெக்ட்" என்றார். நல்ல மனிதர். இப்படி வந்து சொல்ல எல்லாருக்கும் வராது.

பக்கத்து வீட்டுப் புல்வெளிக்கு மருந்தடிக்க வருகிற ஆளைக் கூப்பிட்டு, பலமானது ஏதாவது அடிக்கச் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். நான் பூக்களைக் காட்டினேன். ஒவ்வொரு ஜிமிக்கியிலும் ஒரு தேனீ தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"இங்க எத்தனை பேர் இருக்கறீங்க?"

பதினொரு பேர்.

"இருபத்தி ரெண்டு கை. போதும். ஆளுக்கு ஒரு கிண்ணம், பாத்திரம் கழுவற சோப்பு ரெண்டு சொட்டு, தண்ணி. இலையோட அடிப்பக்கம் திருப்பிப் பாருங்க. புடிச்சு உள்ள போடுங்க."

"ஏம்மா, பட்டுப்பொடவ எடுத்துட்டு இருபது மணி நேரம் ஃப்ளைட்ல வந்தது புழு பொறுக்கவா?" என்றாள் அக்காக்காரி. ஆனால் முதலில் உட்கார்ந்தவள் அவள்தான். அதிகம் பிடித்தவளும் அவள்தான். கொஞ்ச நேரத்தில் இடது வரிசைக்கும் வலது வரிசைக்கும் போட்டியாகிவிட்டது. "என் கிண்ணத்தப் பாரு, பாயசத்துல சேமியா மாதிரி கெடக்கு" என்று ஒருத்தி காட்ட, இன்னொருத்தி "இனிமே நான் பாயசம் சாப்ட்ட மாதிரிதான்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ நலங்குப் பாட்டை எடுத்தார்கள். சம்பந்தியைக் கேலி செய்கிற இடங்களில் எல்லாம் சம்பந்தியை எடுத்துவிட்டுப் புழுவைப் போட்டுப் பாடினார்கள். அந்தப் பாட்டில் அந்தப் புழுவுக்குத் தொப்பை, வழுக்கை, பேராசை, எல்லாம் இருந்தது. நித்யா சிரித்துச் சிரித்துக் கிண்ணத்தைக் கொட்டிவிட்டாள். திருஷ்டிப் பேச்சு எந்த நேரத்தில் செத்தது என்று எனக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை இன்னொரு தடவை பார்த்தோம். அடித்துப் பிடித்தும் பத்துப் பன்னிரண்டுதான் கிடைத்தது.

சனிக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் போய்விட்டேன். நல்ல வெளிச்சம். பூக்கள் முன்பைவிடக் கூடுதலாக மலர்ந்திருந்தன, சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக. ஆனால் கீழே பாதிச் செடிகளில் வெறும் தண்டு. விஜயா ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

"மேல நல்லா இருக்கு. கீழ மொட்டையா தெரியுதேம்மா."

தெரியத்தான் செய்தது. புழுவை எடுத்துவிடலாம், இரண்டு நாளில் இலையை வரவழைக்க என்னால் ஆகாது. நான் கொடுத்த வார்த்தை வாசல் பார்க்க நன்றாக இருக்கவேண்டும் என்பது. செடியை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தேன். இரண்டு வரிசைக்கும் நடுவில் நீளமான சிமெண்ட் நடைபாதை, துடைத்து வைத்த பலகை மாதிரி.

"அரிசி மாவு இருக்குதுங்களா?"

நான் டிரைவ்வே பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அக்காக்காரி வாசற்படியிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டு பேரும் நடுவில் வந்து முட்டியபோது என் கோலத்துக்கு ஒன்பது புள்ளி, அவளுக்கு ஏழு. "மெட்ராஸ்ல ஏழுதான்" என்றாள். "எங்க பக்கம் ஒம்போதுங்க" என்றேன். கடைசியில் நித்யாவைக் கூப்பிட்டோம். நடுவில் இருந்த இடைவெளியில் அவளுக்குத் தெரிந்த ஒரே கோலத்தை, ஒரு நட்சத்திரத்தை, கோணலாகப் போட்டு இரண்டையும் சேர்த்தாள். என் முழங்கால் மூன்று நாள் பேசியது. பரவாயில்லை.

ஒன்பது மணிக்கு வேன் வந்தது. சம்பந்தியம்மா முதலில் இறங்கினாள். கருநீலப் பட்டு, உயரமான ஆள். நாலு அடி வைத்தாள், நின்றாள், இரண்டு பக்கமும் உற்றுப் பார்த்தாள்.

"எங்க விஜயா, அந்தக் கோலம் செடி?"

விஜயா என்னைப் பார்த்தாள்.

"கோலம் கீழ எறங்கிருச்சுங்க," என்றேன்.

அவள் குனிந்து காலடியைப் பார்த்தாள். வாசற்படி வரைக்கும் கண்ணை ஓட்டினாள். அவள் ஏதாவது சொல்வதற்குள் நான் முழுவதையும் சொல்லிவிட்டேன். பெயரைத் தப்பாகக் கேட்டது, புழுவின் தடத்தை அழகு என்று விற்றது, இலையைத் தின்ற இரண்டாவது கூட்டம், எதையும் விடவில்லை. "உங்க சம்பந்தி மேல தப்பில்லீங்க. தப்பு என்னுது."

சம்பந்தியம்மா பட்டுப் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு செடியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு இலையைப் புரட்டினாள். புரட்டிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது பழகின கை. இரண்டு விரலால் எதையோ கிள்ளி எடுத்து எங்களுக்குக் காட்டினாள். பச்சைப் புழு.

"ஒண்ணு விட்டுட்டீங்க," என்றாள். பிறகு விஜயாவைப் பார்த்துச் சிரித்தாள். "நாப்பது ரோஜான்னு காட்டுனேனே, அதுல முப்பதுல இலையே இல்ல சம்பந்தி. இதே குடும்பம்தான் வந்து உக்காந்துருக்கு. வீடியோல நான் பூவ மட்டுந்தான் காட்டுவேன். என்ன மருந்து அடிச்சீங்க?"

விஜயா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "இதான் சம்பந்தி."

அந்தச் சிரிப்புச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். அன்று நலங்கில் புழுப் பாட்டை இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து பாடினார்கள்.

ஜூன் மாதம் பூ முடிந்ததும் நானே போய் முப்பது செடியையும் அடியோடு கத்தரித்துவிட்டு வந்தேன். மூன்று வாரத்தில் ஒரு கோடு இல்லாமல் புது இலை வந்தது. சம்பந்திகள் இருவரும் இன்னும் வீடியோவில் பேசுகிறார்கள். இப்போது இலையைத்தான் முதலில் காட்டுகிறார்களாம்.

எனக்கு உள்ளங்கையைக் காட்டிய பெண் அடுத்த வருடம் வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவள் இருந்திருந்தால் உங்களுக்கு இதையெல்லாம் இருபது வார்த்தையில் சொல்லி முடித்திருப்பாள். நான் சொல்வது இவ்வளவுதான். பெயரை இரண்டு தடவை கேளுங்கள். இலையை வெயிலில் பிடித்துப் பாருங்கள். பாட்டிலைத் திறப்பதற்கு முன் காலை எண்ணுங்கள். விற்றது தப்பு என்று தெரிந்தால் மறுநாளே போய்க் கதவைத் தட்டுங்கள். திட்டத்தான் செய்வார்கள், பிறகு காப்பியும் கொடுப்பார்கள்.

போதும் மித்ரா, கை வலிக்கும். மேலே போய் முதலிலிருந்து எனக்குப் படித்துக்காட்டு சாமி, மெதுவாக. எந்த இடத்திலாவது அப்பத்தா தப்பே செய்யாதவள் மாதிரி தெரிந்தால், அங்கே நிறுத்திச் சொல்லு. அதை மாற்றி அடிக்கலாம்.